கலம் என்றால் கப்பலா, குடமா?

ராயபுரம் வாசிப்பு வட்டத்தில் இந்த மாதம் ஒரே ஒரு சொல்: கலம். கேட்டவர்கள் பல பேட்டை, பதில் சொன்னது ஓய்வுபெற்ற தமிழாசிரியனான நான்.

காசிமேடு: ஐயா, நாங்கள் போட்டு, கட்டுமரம் என்போம். கலம் என்று யாரும் சொல்வதில்லையே?

பாட்டில் உண்டு தம்பி. அகநானூறு 149-இல் சேரர் துறைமுகமான முசிறிக்கு 'யவனர் தந்த வினைமாண் நன்கலம் பொன்னொடு வந்து கறியொடு பெயரும்'. யவனர் என்றால் கிரேக்க, ரோமானியர். பொன்னோடு வந்து மிளகோடு திரும்புவது கப்பல்தான். ஆனால் குறள் 60-இல் 'நன்கலம் நன்மக்கட் பேறு' என்றால் அதே நன்கலம் நகை. குறள் 660-இல் 'பசுமண் கலம்' சுடாத பானை. சொல்லை மட்டும் பிடுங்கிப்போய் அகராதியில் தேடாதீர்கள். பக்கத்தில் நிற்கும் வினையைப் பாருங்கள்.

தண்டையார்பேட்டை: நெற்களமா, நெற்கலமா?

களம், நெல் அடிக்கும் இடம். கலம், நெல் அளவு; 12 மரக்கால்.

கொருக்குப்பேட்டை: ஔவையார் கலப்பையோடு அதியமான் வாசலில் நின்றதாக வாட்ஸ்அப்பில் வந்தது. உழவரா?

'காவினெம் கலனே சுருக்கினெம் கலப்பை', புறநானூறு 206. பரிசில் தராமல் காக்க வைத்த கோபத்தில் மூட்டை கட்டுகிறார். கலன் இசைக்கருவி, கலப்பை அதைப் போடும் பை. 'எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே' என்று கிளம்புகிறவர் ஏரையா தூக்கிக்கொண்டு போவார்? முழுப் பாட்டையும் படியுங்கள் என்று இதற்குத்தான் கத்துகிறேன்.

வண்ணாரப்பேட்டை: போர்க்களமும் இந்தக் கலம்தானே?

இல்லை. இப்போதுதானே சொன்னேன்.

திருவொற்றியூர்: புறநானூறு 56-இல் 'யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்'. கப்பலில் வந்த மது என்கிறேன், பக்கத்திலிருப்பவர் ஜாடி என்கிறார்.

பழைய உரை குப்பி என்கிறது, நானும் அந்தக் கட்சி. அடுத்த அடியே 'பொன்செய் புனைகலத்து ஏந்தி'. பெரிய கலத்திலிருந்து பொற்கிண்ணத்துக்கு மாறி, பெண்கள் கையால் பாண்டியன் நன்மாறனுக்குப் போகிறது. 1945-இல் புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டில் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது மது ஜாடித் துண்டுகள் கிடைத்தனவே.

திருவொற்றியூர்: ஜாடி என்ன, நடந்தா வந்தது?

கப்பலில்தான் வந்தது. அதற்காகப் பாட்டுக்குள் கப்பலை ஓட்ட வேண்டாம்.

எண்ணூர்: வினையைப் பாருங்கள் என்றீர்கள். அகநானூற்றிலும் 'தந்த', இங்கும் 'தந்த'. அங்கே கப்பல், இங்கே குப்பியா?

மடக்கிவிட்டீர்கள். ஆனால் அங்கே 'வந்து', 'பெயரும்' என்று கலமே போய்வருகிறது. இங்கே அது அசையவில்லை. சரி, 'கப்பல் தந்த தேறல்' என்று கூட்டினாலும் இலக்கணம் தடுக்காது. திருவொற்றியூர்க்காரர் சிரிப்பதைப் பாருங்கள்!

வியாசர்பாடி: மங்கலம் என்பது மண் + கலமா?

அது மட்கலம் ஆகும். அடுத்து.

பெரம்பூர்: போர்க்களம்...

ள வேறு, ல வேறு ஐயா!

புளியந்தோப்பு: உங்களுக்குப் பிடித்த கலம் எது, சார்?

புறநானூறு 256 அம்மா. கணவனை இழந்தவள் குயவனிடம் பேசுகிறாள். வண்டிச் சக்கரத்தின் ஆரத்தில் ஒட்டிக்கொண்ட சின்ன வெள்ளைப் பல்லி போல அவனோடு எத்தனையோ காட்டுவழி வந்தவள். இறந்தவரைப் புதைக்கும் ஈமத்தாழியை எனக்கும் சேர்த்து அகலமாகச் செய் என்கிறாள். 'கலஞ்செய் கோவே, கலஞ்செய் கோவே' என்று இரண்டு முறை கூப்பிடுகிறாள்.

காசிமேடு: கோ என்றால் அரசன் இல்லையா, ஐயா?

இங்கே குயவன். மீதி அடுத்த மாதம், டீ ஆறுகிறது.