மாடிக் கொட்டகையில ராக்கெட் விழுந்தா இன்சூரன்ஸ் காசு வருமா?

கேள்வி: எங்க வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ல, பேங்க் லோன்ல கட்டுனது. போன தீபாவளிக்கு எங்கேருந்தோ வந்த ராக்கெட் மொட்டமாடி கீத்துக் கொட்டகையில விழுந்து பாதி எரிஞ்சிடுச்சு. வாஷிங் மெஷினும் தண்ணி டேங்க்கும் போச்சு. தீயணைப்புக்கு சொல்லாம நாங்களே தண்ணி ஊத்தி அணைச்சிட்டோம், எரிஞ்சதெல்லாம் காலையிலயே கூட்டி அள்ளிட்டோம். லோன் போட்டப்பவே இன்சூரன்ஸுன்னு காசு புடிச்சாங்க, அது இதுக்கு வருமா? திரும்பவும் கொட்டகை போட்டாச்சு, மாமியார் பிரிக்க விட மாட்டேங்குறாங்க. இந்த தீபாவளிய நெனச்சாலே பயமா இருக்கு. - ஒரு வாசகி, கடலூர்

பதில்:

அன்பு சகோதரி, யாருக்கும் தீக்காயம் இல்லாம தப்பிச்சீங்களே, அதுவே எனக்கு பெரிய நிம்மதி.

மொதல்ல பீரோவ தொறந்து அந்த பேங்க் பேப்பர எடுங்க. லோன் போடும்போது புடிக்கிற இன்சூரன்ஸ்ல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு, லோன் வாங்குனவருக்கு ஏதாவது ஆயிட்டா கடன அடைக்கிறதுக்கான ஆயுள் காப்பீடு, இன்னொண்ணு வீட்டுக்கே எடுக்குற தீ இன்சூரன்ஸ். மொத வகைய எடுத்து வச்சிகிட்டு 'வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கு'ன்னு பல வருஷமா நம்பிகிட்டு இருக்குற குடும்பம் நெறைய, உங்களோடதும் அதுவா இருந்தா வீடு எரிஞ்சாலும் ஒரு ரூபா வராது. ரெண்டாவது வகையா இருந்தாலும் கட்டடத்துக்கு மட்டுமா, உள்ள இருக்குற சாமானுக்கும் சேர்த்தான்னு பாருங்க.

அப்படி எதுவும் இல்லன்னா பாரத் கிருஹ ரக்ஷான்னு கேளுங்க. 2021 ஏப்ரல்லேருந்து ஜெனரல் இன்சூரன்ஸ் கம்பெனிங்க வீட்டுக்கு தர்ற பொதுவான பாலிசி இது, எந்த கம்பெனியில எடுத்தாலும் அடிப்படை ஒண்ணுதான். நெலத்தோட வெலைக்கு இல்ல, திரும்ப கட்ட ஆகுற செலவுக்குத்தான் போடணும். 900 சதுர அடி, அடிக்கு 2,000 ரூபான்னா 18 லட்சம், அதுல 20 சதவீதம், அதாவது 3 லட்சத்து 60 ஆயிரம், வீட்டு சாமானுக்கு தானாவே சேர்ந்துடும் (உச்ச வரம்பு 10 லட்சம்). பக்கத்து வீட்டு பையன் விட்ட ராக்கெட்டா இருந்தாலும் தீ தீதான், யாரு விட்டான்னு நீங்க தெருவுல சண்ட போட்டு நிரூபிக்க வேண்டியதில்ல. புயல், வெள்ளம் எல்லாம் அதே பாலிசிக்குள்ளயே வருது, 2011 டிசம்பர் 30 தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் பாத்த ஊருக்கு இத நான் வெளக்கமா சொல்லணும்னு இல்ல. பிரீமியம் நீங்க பட்டாசுக்கு செலவு பண்ற காசை விட கம்மியா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், கேட்டு பாருங்க.

ரொக்கம், பத்திரம், வண்டி இதுக்கெல்லாம் இதுல வராது, நகைக்கு தனியா சேர்க்கணும். வாசல்ல நிக்கிற பைக்குக்கு தேர்ட் பார்ட்டி (அடுத்தவங்களுக்கு ஆகுற சேதத்துக்கு மட்டும் தர்ற இன்சூரன்ஸ்) மட்டும் வச்சிருந்தா பைக் எரிஞ்சாலும் காசு கெடையாது, அதனால தீபாவளி அன்னிக்கு ராத்திரி வண்டி மேல போடுற பிளாஸ்டிக் கவர கழட்டி வச்சிடுங்க, ஒரு பொறி போதும் அது உருகி சீட்டோட ஒட்டிக்கும்.

போன வருஷ நஷ்டத்துக்கு இனிமே வாங்குறது ரொம்ப கஷ்டம்மா, சங்கடத்தோடதான் சொல்றேன். நீங்களே அணைச்சது தப்பே இல்ல, ஆனா 101-க்கு போன் போகல, தீயணைப்பு ரிப்போர்ட் இல்ல, எரிஞ்சதெல்லாம் காலையிலயே கூட்டி அள்ளியாச்சு. சேதத்த மதிப்பு போட கம்பெனி அனுப்புற சர்வேயர் வந்தா எதப் பாப்பாரு? இனி ஒருவேள அப்படி நடந்தா உருகுன டேங்க், கருகுன மெஷின் எதையும் நவுத்தாம போட்டோ எடுத்து, அன்னிக்கே கம்பெனிக்கு சொல்லிடுங்க. பாலிசி இருந்தும் கம்பெனி இழுத்தடிச்சா எழுத்துல புகார் குடுங்க, ஒரு மாசத்துல சரியான பதில் வரலன்னா சென்னையில இருக்குற இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன்கிட்ட (இந்த மாதிரி புகார விசாரிச்சு தீர்த்து வைக்கிறவரு) போகலாம், செலவு கெடையாது.

இப்ப கொட்டகைக்கு வரேன், உங்க பயமே அதுதானே. கீத்து, மூங்கில், தார்ப்பாயில கட்டுனதெல்லாம் இன்சூரன்ஸ் கணக்குல கச்சா, அதாவது உறுதியில்லாத கட்டடம். பாலிசி எடுக்கும்போது மாடியில கொட்டகை இருக்குன்னு சொல்லி எழுத வச்சிடணும், மறைச்சீங்கன்னா நாளைக்கு கிளைம் நேரத்துல அதையே புடிச்சிகிட்டு பேசுவாங்க. ஆனா பாலிசி பேப்பர் காசத்தான் தரும், தீய நிறுத்தாது. மழ பேஞ்சிருக்கு, நனஞ்ச கீத்து எரியாதுன்னு நெனைக்காதீங்க, மேல் வரிசை நனஞ்சிருக்கும், அடி வரிசை காஞ்ச சருகாத்தான் கெடக்கும், பொறி இடுக்குல பூந்து புகைஞ்சிகிட்டே இருந்து எல்லாரும் தூங்குனப்புறம் புடிக்கும்.

அதனால மாமியார்கிட்ட 'எடுத்துடலாம்'னு சொல்லாதீங்க, 'மாத்தலாம்'னு சொல்லுங்க. ஐப்பசி கார்த்திகை அடைமழையில அங்க யாரு போய் ஒக்காரப் போறா, வத்தலா காயப் போடப் போறீங்க? தீபாவளிக்கு முன்னாடி கீத்த மட்டும் பிரிச்சிட்டு மூங்கில அப்படியே விட்டுடுங்க, கார்த்திகை தீபமும் தாண்டட்டும், தை பொறந்ததும் புதுக் கீத்து போட்டா வெயிலுக்கு அவங்களுக்கு நெழல் ரெடி. கீத்து எப்படியும் மாத்தத்தானே போறீங்க, காசும் வீணாகல. கீத்த பிரிக்கவே வேணாம்னு அவங்க அழுத்தமா சொன்னா வாஷிங் மெஷின கீழ எறக்கிடுங்க, அன்னிக்கு சாயங்காலம் கொட்டகைய நல்லா நனைச்சி விட்டு, ஈர சாக்கும் ரெண்டு பக்கெட் தண்ணியும் மாடியிலயே வைங்க. ராத்திரியில 7 டு 8 மட்டும்தான் வெடிக்கணும்னு அரசாங்கம் சொன்னாலும் ராக்கெட் நடுராத்திரி வரைக்கும் பறக்குது, அதனால படுக்கறதுக்கு முன்னாடி வீட்டுக்காரரோ நீங்களோ ஒருத்தர் மாடிக்கு போய், லைட்ட அணைச்சிட்டு இருட்டுல செவப்பா ஏதாவது கனியுதான்னு பாத்துட்டு, கையால கீத்த தடவி சூடு இருக்கான்னும் பாத்துட்டு எறங்குங்க.