மூட்டை தூக்கினால் குடலில் ஓட்டை விழுமா?

கேள்வி: அரிசி மண்டியில் மூட்டை தூக்கும் என் கணவருக்கு வயது 46. சென்ற மாதம் வேலையின் நடுவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார். குடலில் ஓட்டை என்று அன்றிரவே அறுவைச் சிகிச்சை செய்தார்கள். இடுப்பு வலிக்கு மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வாரே தவிர, அவருக்கு வேறு நோய் எதுவும் இல்லை. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கூடுதல் நேரம் வேலை பார்க்கச் சொன்னவள் நான்தான். சுமைதான் குடலைக் கிழித்துவிட்டதா? இனி அவர் மூட்டை தூக்கலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கணவரின் குடலைச் சுமை கிழிக்கவில்லை, அந்தக் குற்ற உணர்ச்சியை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை.

பாரம் தூக்கும்போது நாம் மூச்சை அடக்கி வயிற்றுத் தசைகளை இறுக்குவதால் வயிற்றறை முழுவதும் அழுத்தம் கூடுகிறது. ஆனால் அந்த அழுத்தம் குடலின் வெளிப்புறத்தில் கூடும் அளவுக்கே உட்புறத்திலும் கூடுவதால், இரண்டுக்கும் நடுவில் உள்ள குடல் சுவர் இழுபடுவதில்லை. நலமாக உள்ள குடல் இதனால் மட்டும் கிழிவது மிக மிக அரிது. குடலிறக்கம் உள்ளவர்களின் நிலை வேறு. வயிற்றுச் சுவருக்கு வெளியே பிதுங்கி நிற்கும் குடலுக்கு இந்தச் சமநிலை கிடையாது. அது அங்கேயே சிக்கி இறுகினால் இரத்த ஓட்டம் நின்று, அழுகி, ஓட்டையும் விழலாம். வயிற்றில் நேரடியாக அடிபடுவதும் அப்படித்தான். மேலிருந்து மூட்டை விழுந்தாலோ வண்டியின் கைப்பிடி குத்தினாலோ குடல் கிழியக்கூடும். சில மணி நேரம் கழித்தே வலி முற்றும் என்பதால் அத்தகைய அடியை அலட்சியப்படுத்தக் கூடாது.

நீங்கள் அனுப்பியுள்ள டிஸ்சார்ஜ் சம்மரியில் குடலிறக்கமோ அடிபட்டதோ குறிப்பிடப்படவில்லை. இரைப்பையை அடுத்துத் தொடங்கும் சிறுகுடலின் முதல் பகுதியான முன்சிறுகுடலின் முன்சுவரில் அரை சென்டிமீட்டர் ஓட்டை இருந்ததாகவும், வயிற்றுக்குள் உள்ள கொழுப்புத் திரையைக் கொண்டு அதை மூடியதாகவும் எழுதியிருக்கிறார்கள். டைபாய்டும் காசநோயும் பெரும்பாலும் சிறுகுடலின் கடைப்பகுதியைத்தான் துளைக்கும். முன்சிறுகுடலில் இந்த இடத்தில் ஓட்டை என்றால் நான் முதலில் நினைப்பது பெப்டிக் அல்சரைத்தான், அதாவது அமிலம் அரித்து இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ உண்டாகும் புண்ணைத்தான். அதற்கு இரண்டு பெரிய காரணங்கள் உண்டு: ஒன்று ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியா, மற்றொன்று டைக்ளோபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள்.

உங்கள் கேள்வியில் போகிற போக்கில் நீங்கள் சொன்ன அந்த இடுப்பு வலி மாத்திரைதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. பாரம் தூக்குபவர்களுக்கு இடுப்பு வலி இல்லாத நாள் குறைவு. மறுநாள் கூலி போய்விடுமே என்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். இந்த மாத்திரைகள் வலியை உண்டாக்கும் வேதிப்பொருளைத் தடுக்கும்போதே, அமிலத்திலிருந்து இரைப்பையையும் முன்சிறுகுடலையும் காக்கும் படலத்தையும் பலவீனப்படுத்துகின்றன. சாப்பிட்ட பின் போட்டுக்கொண்டால் ஆபத்து இல்லை என்று பலர் நம்புவது தவறு. இரத்தத்தில் கலந்தே இவை அந்தப் பாதிப்பைச் செய்வதால் ஊசியாகப் போட்டாலும் புண் வரலாம். புண்ணின் வலியையும் மாத்திரையே மறைத்துவிடுவதால், ஓட்டை விழும் நாள்வரை சிலருக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை. அன்று அவர் தோளில் மூட்டை இருந்தது தற்செயல். தூக்கத்திலும் அது நடந்திருக்கலாம். ஆனாலும், அந்த மாத்திரையை அவர் கைக்குக் கொண்டுவந்தது வேலைதான் என்பதை நான் மறுக்க மாட்டேன்.

இப்போது செய்ய வேண்டியது, அந்த மாத்திரைகளை அடியோடு நிறுத்துவது. பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் அதையும் விட வேண்டும். ஹெலிகோபாக்டர் பரிசோதனையை மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்; கிருமி இருந்தால் பொதுவாக 14 நாள் கூட்டு மருந்து தருவார்கள், அது முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து கிருமி அழிந்ததா என்று மறுபடியும் பார்க்க வேண்டும். இடுப்பு வலிக்கு மருத்துவர் சொல்லும் அளவில் பாராசிட்டமாலும் பிசியோதெரபியும் பாதுகாப்பானவை.

மூட்டை தூக்குவதில் அவசரம் வேண்டாம். மூடிய ஓட்டையைவிட வயிற்றில் போட்ட தையலுக்குத்தான் சுமை கேடு செய்யும். வயிற்றைத் திறந்து செய்த அறுவைச் சிகிச்சை என்பதால் 3 மாதம்வரை பாரம் தூக்காமல் மண்டியிலேயே எடை போடுதல், கணக்குப் பார்த்தல் போன்ற வேலை கேட்டுப் பாருங்கள். அதன் பிறகும் அறுவைச் சிகிச்சை நிபுணர் தழும்பைத் தொட்டுப் பார்த்துச் சம்மதித்தால்தான் தூக்கலாம். இருமும்போது தழும்பின் அருகே புடைப்புத் தெரிந்தால் அன்றே அவரிடம் காட்டுங்கள்.