விடுதியைக் குத்தகைக்கு எடுக்குமுன் 'முன் சரிபார்ப்பு' என்றால் என்ன?

ஊட்டியில் ஆறு அறை விடுதியைக் குத்தகைக்கு எடுக்கிறீர்கள் என்றால், முன்பணம் கொடுக்குமுன் உரிமையாளர் சொல்வதை ஒவ்வொன்றாக ஆதாரத்தோடு ஒத்துப் பார்ப்பதே முன் சரிபார்ப்பு. இடத்தின் குறை அவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. மாடு வாங்குகிறவர் தன் கண்முன்னே இருவேளையும் கறக்கச் சொல்வாரே, அதுபோலத்தான்.

மே மாத சீசன் பதிவேட்டை மட்டும் பார்த்து மயங்கிவிடாதீர்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டண ரசீதுகளில் ஓராண்டுக்கான ஆறையும் கேளுங்கள். ஆள் தங்காத அறையில் கீசர் ஓடாது. ஜூலை, ஆகஸ்ட் யூனிட் கணக்கே உண்மை நிலவரத்தைச் சொல்லிவிடும். கட்டட அனுமதியில் எத்தனை தளம் என்றும் பாருங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும்.

வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் பதிவான ஆவணங்கள் மட்டுமே வரும், சொத்துவரி பாக்கியோ குடிநீர்க் கட்டண நிலுவையோ வராது.