கியாந்தியில் நான்கு நாள்: ஒயினும் சைவச் சாப்பாடும்

கேள்வி: அக்டோபர் இரண்டாவது வாரம் நானும் கணவரும் இத்தாலியின் கியாந்தி பகுதியில் நான்கு நாள் தங்குகிறோம். அங்கே பழைய முறையில் ஒயின் செய்வதைப் பார்க்க அவருக்கு ஆசை. நான் சுத்த சைவம், முட்டையும் சாப்பிடுவதில்லை. எதைப் பார்ப்பது, நான் என்ன சாப்பிடுவது, ஊருக்கு என்ன வாங்கி வருவது?

பதில்: உங்கள் சாப்பாட்டிலிருந்து தொடங்குகிறேன். கியாந்தி இருக்கும் டஸ்கனி மாநிலம் என்றாலே மாட்டிறைச்சித் துண்டைத்தான் படம் போட்டுக் காட்டுகிறார்கள். ஆனால் கியாந்தியின் நிலங்கள் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பெரும்பாலும் வாரச் சாகுபடியில் இருந்தவை. விளைச்சலில் பாதி நிலத்துக்காரருக்குப் போய்விடும். மீதியில் பிழைத்த குடும்பங்களுக்கு இறைச்சி அன்றாடச் சாப்பாடு அல்ல. வெள்ளை பீன்ஸ், கீரை, முந்தின நாள் ரொட்டி, ஆலிவ் எண்ணெய், இவைதான் அந்தச் சமையலின் அஸ்திவாரம். அதனால் நீங்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

பீன்ஸும் கரும்பச்சைக் கீரையும் ரொட்டியும் போட்டுக் கெட்டியாகக் காய்ச்சும் ரிபொல்லீதா, தக்காளியில் ரொட்டியைக் குழைத்துச் செய்யும் பப்பா அல் பொமொதோரோ இரண்டையும் கேளுங்கள். பாஸ்தாவில் பீச்சி வாங்குங்கள். மாவும் தண்ணீரும் பிசைந்து கையால் உருட்டுவது, பெரும்பாலும் முட்டை சேராது. பூண்டும் தக்காளியும் சேர்ந்த அல்லியோனே சாஸோடு நன்றாக இருக்கும். தாலியாதெல்லே, பப்பார்தெல்லே இரண்டும் முட்டை மாவு, வேண்டாம். அந்த ஊர் ரொட்டியில் உப்பே இருக்காது. அதைச் சுட்டு, பூண்டு தேய்த்து, எண்ணெய் ஊற்றி, உப்புத் தூவிச் சாப்பிட்டுப் பாருங்கள்.

கவனிக்க வேண்டியது கண்ணுக்குத் தெரியாத இறைச்சி. சூப்புக்கு இறைச்சிச் சாறு ஊற்றியிருக்கலாம், பீன்ஸைப் பன்றிக்கொழுப்பில் தாளித்திருக்கலாம். 'சென்ஸா கார்னே, சென்ஸா ஊவோவா' (இறைச்சி இல்லாமல், முட்டை இல்லாமல்) என்று சொல்வதோடு நிறுத்தாமல், 'இல் ப்ரோதோ ஏ தி கார்னே?' (சாறு இறைச்சியிலிருந்து எடுத்ததா?) என்றும் கேளுங்கள். பார்மிஜானோ சீஸைக் கன்றின் இரைப்பை நொதி கொண்டுதான் உறைய வைக்கிறார்கள். ஆட்டுப்பால் சீஸான பெக்கொரீனோவும் பெரும்பாலும் அப்படித்தான். சீஸில் நீங்கள் எதுவரை ஏற்பீர்கள் என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இனி ஒயின். கிரேவே, ராத்தா, காஸ்தெல்லீனா, கையோலே ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ளதுதான் பழைய கியாந்தி. 1716இல் டஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோசிமோ தெ மெதிச்சி ஆணை போட்டு அதற்கு எல்லை வகுத்தார். பாட்டிலில் கறுப்புச் சேவல் முத்திரை இருந்தால் அது கியாந்தி கிளாசிக்கோ, அதாவது இந்தப் பழைய பகுதியின் சிவப்பு ஒயின். அதில் குறைந்தது 80 சதவீதம் சாஞ்சொவேஸே திராட்சை. அந்த வாரம் அறுவடையின் கடைசிக் கட்டம், பண்ணைக்காரர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு பண்ணை போதும். அங்கேயே மதியச் சாப்பாடும் கிடைக்கிற இடமாகப் பாருங்கள். அந்த ஒயினின் புளிப்பு, எண்ணெயும் பீன்ஸும் கூட இருக்கும்போதுதான் சரியாகப் பொருந்தும்.

பழைய முறை என்றால் என் முதல் சிபாரிசு வின் சாந்தோ, பரணில் உலர்த்திய திராட்சையிலிருந்து செய்யும் ஒயின். முன்பதிவின்போதே, வின் சாந்தோ செய்கிறீர்களா, பரணைக் காட்டுவீர்களா என்று கேட்டுவிடுங்கள். நீங்கள் போவது அதற்கு ஏற்ற பருவம். திரெபியானோ, மல்வாசியா என்ற வெள்ளைத் திராட்சைக் குலைகளைக் கூரை மரத்திலிருந்து கொக்கி கொக்கியாகத் தொங்கவிட்டிருப்பார்கள், அல்லது நாணல் தட்டிகளில் பரப்பியிருப்பார்கள். காற்று உலர்ந்திருந்தால் சன்னலைத் திறப்பார்கள், ஈரமென்றால் சாத்துவார்கள். பூஞ்சை பிடித்தால் குலையே போச்சு. குளிர்காலத்தில், வற்றிய பழத்தைப் பிழிந்து சிறு பீப்பாய்களில் ஊற்றுவார்கள். பாலுக்கு உறைமோர் போல, சில பண்ணைகளில் முந்தைய ஒயினின் அடிவண்டல் கொஞ்சம் பீப்பாயில் இருக்கும். அதைத் தாய் என்பார்கள். வாய் நிறைய ஊற்றாமல் இடம் விட்டு அடைத்து, அதே கூரையடியில் வைத்துவிடுவார்கள். கோடை வெப்பத்தில் நொதிக்கும், குளிரில் அடங்கும், மறு கோடையில் மறுபடி கிளம்பும். மூன்று ஆண்டாவது ஆகும், பத்து ஆண்டு வைப்பவர்களும் உண்டு. நிலவறையில் ஒரே குளிரில் வளரும் ஒயினுக்கு இந்தக் கொட்டைப்பருப்பு வாசனை வராது. தொட்டுக்கொள்ளத் தரும் கந்துச்சி பிஸ்கட்டில் முட்டை உண்டு; நீங்கள் கஷ்கொட்டை மாவில் செய்யும் கஸ்தஞ்ஞாச்சோ கேளுங்கள்.

வண்டி ஓட்டுகிறவர் ருசி பார்த்துத் துப்பிவிடட்டும், அங்கே யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் வரம்பு. உரிமம் வாங்கி மூன்று ஆண்டு ஆகாதவர்களுக்கு அதுவும் கூடாது, துளிகூட இருக்கக் கூடாது.

இந்தியாவுக்குள் ஒருவர் வரியின்றிக் கொண்டுவரக்கூடிய மது 2 லிட்டர். 750 மி.லி. கியாந்தி இரண்டு, 500 மி.லி. வின் சாந்தோ ஒன்று என்றால் கணக்கு சரியாக வரும். துணியில் சுற்றிச் செக்-இன் பெட்டியில் வையுங்கள்.