கிராமத்து வீட்டுக்கு எந்த நெட்? வாசகர் கேள்வி – பதில்

வீட்டு இணைய இணைப்பு பற்றி ஊர்ப்புறங்களிலிருந்து வந்த கேள்விகளில் ஆறுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் ஊர் சத்தியமங்கலத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. கேபிள்காரர் மூலமாக பிஎஸ்என்எல் ஃபைபர் தருவதாகச் சொல்கிறார்கள். ஏர்ஃபைபர் விற்பவர்களும் வந்து போகிறார்கள். இப்போது செல்போன் ஹாட்ஸ்பாட்டில்தான் காலம் ஓடுகிறது. மகளுக்கு ஆன்லைன் வகுப்பு, மகனுக்கு வீட்டிலிருந்து வேலை. எதை எடுப்பது?
– வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: ஃபைபர் உங்கள் தெருவரை வந்திருந்தால் அதையே எடுங்கள். ஏர்ஃபைபரும் ஹாட்ஸ்பாட் போல செல்போன் டவரிலிருந்து வருவதுதான். டவரிலிருந்து வரும் இணைப்பை ஊரே பங்கு போட்டுக்கொள்கிறது. இரவு எட்டு மணிக்கு எல்லாரும் போனைக் கையில் எடுத்ததும் வேகம் படுத்துவிடும். ஃபைபரிலும் பங்கு உண்டு. ஒரு போர்ட்டில் வரும் 2.5 ஜிகாபிட்டை 32 அல்லது 64 வீடுகள் வரை பிரித்துக்கொள்ளும். ஆனாலும் 30, 50 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட்) பிளான்களுக்கு அது தாராளம்.

கிராமத்தில் ஃபைபர் நன்றாக ஓடுமா என்பதைக் கம்பெனியின் பெயரை வைத்துச் சொல்லிவிட முடியாது. அறுந்தால் யார் வந்து ஒட்டுவார், எத்தனை மணி நேரத்தில் வருவார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஆகவே பணம் கட்டுமுன் கேபிள்காரரிடம் நேராகவே கேளுங்கள்: ஃபைபர் ஒட்டும் மெஷின் உங்களிடமே இருக்கிறதா, டவுனிலிருந்து ஆள் வரவேண்டுமா? மெஷின் கையில் இருப்பவர் அன்றைக்கே சரிசெய்துவிட முடியும். வெளி ஆளை நம்பியிருப்பவர் இரண்டு மூன்று புகார் சேரட்டும் என்று தள்ளிப்போடுவதுண்டு.

அடுத்து, ஒரு ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் பெட்டி எந்தக் கம்பத்தில் இருக்கிறது, அங்கிருந்து உங்கள் வீட்டுக்கு எத்தனை மீட்டர் என்று நடந்தே பாருங்கள். ஒயர் ரோட்டைக் கடக்கிறதா? வைக்கோல் லாரியும் கரும்பு டிராக்டரும் போகிற ரோடு என்றால் 6 மீட்டர் உயரமாவது வேண்டும். மின்கம்பத்தில் அனுமதியில்லாமல் கட்டிய ஒயரை மின்வாரிய ஆட்கள் வேலை நாளில் அவிழ்த்துப் போட்டுவிடுவார்கள். பெட்டியிலிருந்து வீடு வரை ஒரே துண்டாக இழுக்கச் சொல்லுங்கள். வீட்டு முனையில் ஐந்து பத்து மீட்டரைச் சுருளாக விட்டுவைக்கச் சொல்லுங்கள். பின்னால் அறுந்தால் இழுத்து ஒட்ட அது உதவும். இதே லைனில் ஏற்கெனவே இணைப்பு வைத்திருக்கும் பக்கத்து வீட்டாரிடம், போன மழைக்காலத்தில் எத்தனை நாள் நெட் இல்லை என்று விசாரியுங்கள். விளம்பரத் தாளைவிட அந்தப் பதில் பெரிது.

வேகக் கணக்கு எளிது. மகனின் வீடியோ மீட்டிங்குக்கு இரு பக்கமும் 3 எம்பிபிஎஸ், மகளின் வகுப்புக்கும் அதே அளவு, கூடவே டிவியில் எச்டி படம் ஓடினால் 5. எல்லாம் சேர்ந்து 11. சீராக வரும் 30 எம்பிபிஎஸ் உங்களுக்குப் போதும். 100 என்று விற்கவந்தால் அவசரப்பட வேண்டாம். அனுப்பும் வேகம் எவ்வளவு என்றும் கேளுங்கள், மீட்டிங்கில் முகம் உறைந்து நிற்பது பெரும்பாலும் அந்தப் பக்கத்துக் குறைதான். விலையாகச் சொல்வது வரி சேராத தொகை. 499 ரூபாய் பிளானுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 588 ரூபாய் 82 காசு வரும். ஆறு மாதம், ஒரு வருடம் முன்பணம் கட்டினால் மோடம் இலவசம் என்பார்கள். முதலில் ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு அந்தச் சலுகைக்குப் போங்கள்.

இன்னொன்று. ஊராட்சிகளுக்கு இணையம் தரும் மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகும் பொறுப்பு மாநில அரசின் டான்ஃபினெட் நிறுவனத்துடையது. ஊராட்சி அலுவலகத்துக்கு ஃபைபர் வந்ததாலேயே உங்கள் வீட்டுக்கும் வந்ததாகாது. அங்கிருந்து தெருவுக்கு யார் இழுத்திருக்கிறார்கள் என்று அலுவலகத்திலேயே கேட்டால் தெரியும்.

கேள்வி: தென்னந்தோப்புக்குள் வீடு. ரோட்டிலிருந்து 400 மீட்டர். ஃபைபர் இழுக்க மாட்டோம் என்கிறார்கள். ஏர்ஃபைபர் போடலாமா, சிம் ரூட்டர் போதுமா?
– வாசகர், பொள்ளாச்சி வட்டாரம்

பதில்: ஒயர் செலவை நீங்களே ஏற்றால் இழுப்பார்களா என்று மறுபடி ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஃபைபருக்கு 400 மீட்டர் ஒரு தூரமே இல்லை, பல கிலோமீட்டர் போகும். அவர்களைத் தயங்கவைப்பது கம்பமும் கூலியும்தான்.

முடியவே முடியாது என்றால், பணம் கட்டுமுன் சிக்னலை அளந்து பாருங்கள். அந்தந்தக் கம்பெனியின் சிம் போட்ட ஆண்ட்ராய்டு போனில் *#*#4636#*#* என்று அடித்தால் பல போன்களில் ஒரு சோதனைப் பக்கம் திறக்கும். அதில் சிக்னலின் வலுவைக் காட்டும் ஆர்எஸ்ஆர்பி என்ற எண்ணைப் பாருங்கள். மைனஸ் 80 முதல் 95 வரை நல்லது. மைனஸ் 105-ஐத் தாண்டினால் சிரமம், 115-ஐத் தாண்டினால் விட்டுவிடலாம். தரையில் ஒருமுறை, மொட்டைமாடியில் ஒருமுறை, ஏணி வைத்துத் தண்ணீர்த் தொட்டி மேல் ஒருமுறை என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தென்னை மட்டை மட்டத்தைத் தாண்டியதும் எண் சட்டென்று மாறினால் எத்தனை அடிக்குக் குழாய் நடவேண்டும் என்பது புரிந்துவிடும்.

5ஜியில் 3500 மெகாஹெர்ட்ஸ் அலை வேகம் தரும், ஆனால் மரத்தை ஊடுருவாது. மழையில் நனைந்த இலை அதை இன்னும் அதிகமாகத் தின்னும். 700, 850 போன்ற தாழ்ந்த அலைகள் தோப்புக்குள்ளும் வரும், வேகம்தான் குறைவு. வெயில் நாளில் வந்து பொருத்திக் காட்டிவிட்டுப் போன இணைப்பு ஐப்பசி மழையில் திணறுவதற்கு இதுதான் காரணம். ஆகையால் வெளியே மாட்டும் பெட்டி மட்டைக்கு மேலே டவரை நேராகப் பார்க்கும்படி இருக்கட்டும். அதிலிருந்து வீட்டுக்குள் வரும் கேட்6 என்ற நெட் ஒயர் 100 மீட்டருக்குள் இருக்கவேண்டும். வெயில் தாங்கும் கறுப்பு உறை போட்ட வெளிப்புற ஒயராகக் கேட்டு வாங்குங்கள்.

போனில் சிக்னல் கோடு முழுதாக இருந்தும் நெட் நகராத ஊர்கள் நிறைய. டவருக்குப் பின்னால் இருக்கும் இணைப்பு சிறியதாக இருந்தால் சிக்னலை எவ்வளவு கூட்டியும் பயனில்லை. அதனால் வேகச் சோதனையை இரவு எட்டிலிருந்து பத்துக்குள், ஒரு ஞாயிறு உட்பட நாலு நாளாவது செய்யுங்கள். பகல் பதினொரு மணிக்கு விற்பனையாளர் காட்டும் எண்ணை நம்பாதீர்கள்.

ஏர்ஃபைபர் பிளான்களில் மாதம் 1000 ஜிபி போன்ற வரம்பு உண்டு. தாண்டினால் வேகம் எவ்வளவுக்கு இறங்கும் என்பதை எழுத்தில் பாருங்கள். ஒருவர் இருவர் மட்டும் இருக்கும் வீடு, வகுப்பு வேலை எதுவும் இல்லை என்றால் 4ஜி சிம் ரூட்டரே போதும். அதற்கு வெளி ஆன்டெனா வாங்குவதாக இருந்தால் ஆன்டெனா ஒயர் 5 மீட்டரைத் தாண்டக்கூடாது. நீண்ட ஒயர் பிடித்த சிக்னலை வழியிலேயே இழந்துவிடும். மேலேயே வைக்கும் வெளிப்புற ரூட்டர் இன்னும் மேல். கடைகளில் கிடைக்கும் சிக்னல் பூஸ்டரை மட்டும் வாங்காதீர்கள். அனுமதியில்லாமல் பொருத்துவது சட்டப்படி குற்றம். அதோடு சுற்று வட்டாரத்தில் எல்லாருடைய அழைப்பையும் அது கெடுக்கும்.

கேள்வி: மலைமேல் இருக்கிறோம். டவரும் இல்லை, ஃபைபரும் இல்லை. சாட்டிலைட் நெட் வாங்கலாமா?
– வாசகர், கொல்லிமலை

பதில்: எந்த வகை என்பதைப் பொறுத்தது. 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் பழைய வகைச் செயற்கைக்கோள் வழியாகப் போனால், போய்வரும் தூரத்துக்கே அரை நொடி கழிந்துவிடும். மின்னஞ்சலுக்கும் வங்கி வேலைக்கும் சரி, வீடியோவில் பேசுவது கடினம். சுமார் 550 கிலோமீட்டரில் சுற்றும் ஸ்டார்லிங்க் வகையில் அந்தத் தாமதம் இல்லை. அந்நிறுவனம் இந்தியாவில் 2025 ஜூனில் உரிமம் பெற்றது. உங்கள் முகவரிக்கு விற்பனை திறந்திருக்கிறதா என்று அவர்களின் தளத்திலேயே பார்த்து வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து யாரும் கொண்டுவந்து தரும் ஆன்டெனாத் தட்டை வாங்காதீர்கள். வானம் மறைவில்லாமல் தெரியவேண்டும், ஒரு சில்வர் ஓக் மரம் குறுக்கே நின்றாலும் அவ்வப்போது துண்டிக்கும். ஃபைபர் மோடம் 10 வாட் எடுக்கும் இடத்தில் இது 50 முதல் 100 வாட் வரை எடுக்கும் என்பதையும் இன்வெர்ட்டர் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கரன்ட் போனால் நெட்டும் போகிறது. மினி யுபிஎஸ் வாங்கினேன். மோடம் எரிகிறது, ஆனாலும் நெட் வருவதில்லை. ஏன்?
– வாசகி, விருத்தாசலம் வட்டம்

பதில்: உங்கள் யுபிஎஸ் சரியாகத்தான் இருக்கிறது. கம்பத்தில் இருக்கும் ஸ்பிளிட்டருக்குக் கரன்ட் வேண்டாம், அது வெறும் கண்ணாடிப் பிரிப்பு. ஆனால் லைன் தொடங்கும் இடத்தில், ஒளியை அனுப்பும் ஓஎல்டி என்ற கருவி இருக்கிறது. அது தொலைபேசி நிலையத்தில் இருந்தால் பேட்டரியும் ஜெனரேட்டரும் காப்பாற்றும். கேபிள்காரரின் அறையில் சின்ன இன்வெர்ட்டரில் ஓடினால் ஊரில் கரன்ட் போன சிறிது நேரத்தில் அதுவும் அணையும். மோடத்தில் சிவப்பு விளக்கு வந்துவிட்டால் அங்கே அணைந்துவிட்டது என்று அர்த்தம். நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து போய் அந்தப் பேட்டரியை மாற்றச் சொல்லுங்கள்.

யுபிஎஸ் வாங்க நினைக்கும் மற்றவர்களுக்கு: மோடத்தின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பாருங்கள். பெரும்பாலும் 12 வோல்ட், 1 அல்லது 1.5 ஆம்பியர். 9 வோல்ட் ரூட்டருக்கு 12 கொடுத்தால் கருகிவிடும். பெட்டியில் 10,000 எம்ஏஹெச் என்று போட்டிருப்பது 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. 37 வாட்-மணி, இழப்பு போக 30. பத்து வாட் மோடம் மூன்று மணி நேரம் ஓடும். பைக் பேட்டரியை நேராக மோடத்தில் மாட்டாதீர்கள். சார்ஜ் ஏறும்போது அது 14 வோல்ட்டைத் தொடும்.

கேள்வி: மோடத்தில் சிவப்பு விளக்கு மின்னுகிறது. ஆள் வரும்வரை நாங்களே என்ன பார்க்கலாம்?
– வாசகர், பேராவூரணி

பதில்: எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளி வரவில்லை. அது அணைந்து, பான் என்ற பச்சை விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால் ஒளி வருகிறது, ஆனால் வலுவில்லை அல்லது பதிவு ஆகவில்லை. பச்சை நிலையாக இருந்தும் நெட் இல்லை என்றால் லைனில் குறையில்லை. பில் கட்டினீர்களா, மோடத்தில் போட்ட யூசர்நேம் அழிந்துவிட்டதா என்று பாருங்கள். ரீசெட் பொத்தானை ஊசியால் குத்தியவர்கள் வீட்டில் இதுதான் நடந்திருக்கும்.

சிவப்பு என்றால் முதலில் வீட்டுக்குள் பாருங்கள். மெல்லிய மஞ்சள் அல்லது வெள்ளை ஒயரைப் பீரோ நசுக்குகிறதா, ஆணியில் மடக்கிச் சுற்றியிருக்கிறதா? ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்ன வளைவில் மடங்கினால் ஒளி கசிந்துவிடும். பிறகு வெளியே: கூரை விளிம்பில் அணிலோ எலியோ கடித்த இடம், மட்டை விழுந்த இடம். ஒயர் முனையைக் கழற்றி உள்ளே கண்ணை வைத்துப் பார்க்காதீர்கள். லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, கண்ணுக்குக் கேடு செய்யும். விரல் பட்ட முனை அழுக்கானாலும் ஒளி குறையும்.

ஆள் வந்து சரிசெய்தபின், ஒளியின் வலுவை அளக்கும் பவர் மீட்டரில் என்ன எண் வருகிறது என்று கேட்டு, தேதியோடு மோடத்துக்குப் பக்கத்துச் சுவரிலேயே எழுதிவையுங்கள். மைனஸ் 15 முதல் 24 டிபிஎம் என்றால் நிம்மதி. மைனஸ் 27 ஓட்டத்தின் எல்லை. மைனஸ் 26-ல் விட்டுவிட்டுப் போனால் அடுத்த மழைக்கே போகும். ஒழுங்காக மெஷினில் போட்ட ஒட்டு 0.1 டெசிபல்தான் தின்னும். கையால் செருகும் கனெக்டர் ஒன்றுக்கு அரை டெசிபல்வரை போகலாம். பச்சைக் கனெக்டரை நீலத்தில் செருகினால் இன்னும் அதிகம். எண் கெட்டிருந்தால் இவற்றைத்தான் முதலில் சந்தேகிக்கவேண்டும்.

கேள்வி: வீட்டிலிருந்து 250 மீட்டரில் மோட்டார் ரூம். அங்கே நாலு கேமரா வைத்து வெளியூரிலிருந்தே பார்க்க வேண்டும். சாதாரண நெட் ஒயர் இழுக்கலாமா?
– வாசகர், மணப்பாறை

பதில்: சாதாரண நெட் ஒயர் செம்பு, அது 100 மீட்டரோடு சரி. அதைவிட முக்கியம், திறந்த வெளியில் போகும் செம்பு இடியை இரண்டு பக்கமும் கொண்டுவரும். ஒரே இடியில் கேமரா, ரெக்கார்டர், மோடம் மூன்றும் போகும். ஃபைபர் இழுத்து இரு முனையிலும், ஃபைபரை நெட் ஒயரோடு இணைக்கும் மீடியா கன்வெர்ட்டர் வையுங்கள். உள்ளே இரும்புக் கம்பி இல்லாத ஒயராகப் பார்த்து வாங்கி, எச்டிபிஇ குழாயில் இரண்டடி ஆழத்தில் புதையுங்கள், ஏர் ஓட்டும்போது மாட்டாது. இடையில் மரமில்லாத நேர்ப்பார்வை இருந்தால் 5 ஜிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் ஜோடி மலிவாக முடியும்.

கேமராவை கிளவுடில் பதிவுசெய்யும் பிளானில் போடாதீர்கள். ஒரு கேமரா 2 எம்பிபிஎஸ்ஸில் இடைவிடாமல் அனுப்பினால் நாளுக்கு 21.6 ஜிபி, மாதம் 648 ஜிபி. நாலு கேமரா எந்த ஏர்ஃபைபர் வரம்பையும் பத்துப் பன்னிரண்டு நாளில் தீர்த்துவிடும். ரெக்கார்டரை மோட்டார் ரூமில் வைக்காமல் வீட்டில் வைத்து ஹார்ட் டிஸ்க்கில் பதியுங்கள். பார்க்கும் நேரம் மட்டும் நெட் செலவாகும். வெளியிலிருந்து பார்க்க, பல இணைப்புகளில் உங்களுக்கெனத் தனி ஐபி முகவரி கிடைக்காது, அதனால் போர்ட் திறந்துவிடும் பழைய முறை வேலை செய்யாது. க்யூஆர் கோடு ஸ்கேன் செய்து செயலியில் சேர்க்கும் ரெக்கார்டராக வாங்குங்கள். முதல் நாளே அதன் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.