வானாய்வகங்கள் ஏன் மலைமேல் இருக்கின்றன? பொதிகையில் ஏன் இல்லை?

வானாய்வகம் என்பது தொலைநோக்கியை நிலையாக நிறுவி வானைக் கவனித்துப் பதிவு செய்யும் இடம். பெங்களூரில் தலைமையகம் கொண்ட இந்திய வான் இயற்பியல் நிறுவனம், 1899-இல் தொடங்கிய கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தையும் காவலூர், லடாக்கின் ஹான்லே ஆய்வகங்களையும் நடத்துகிறது.

குறுக்குத்துறைப் படியில் நின்று தாமிரபரணிக்குள் கிடக்கும் காசைப் பாருங்கள். காசு அசைவதில்லை, மேலே ஓடும் நீர்தான் அதை நெளிய வைக்கிறது. நட்சத்திர ஒளியைக் காற்று குலைப்பதும் இப்படித்தான். ஹான்லே சுமார் 4,500 மீட்டர் உயரம். அதற்கு மேலே மிச்சமிருக்கும் காற்றும் ஈரமும் குறைவு. நம் பொதிகைக்கும் உயரம் உண்டு, ஆனால் இரு பருவமழையும் அங்கே மேகத்தைக் கொண்டுவந்து குவிக்கின்றன. குற்றாலச் சாரலுக்கு அது வரம், தொலைநோக்கிக்குத் திரை.

மலையேறினால் நட்சத்திரம் பக்கத்தில் வந்துவிடும் என்பது தவறான எண்ணம்: சூரியனே சுமார் 15 கோடி கிலோமீட்டர் தள்ளியிருக்க, கொடைக்கானலின் இரண்டு கிலோமீட்டர் சொச்சம் கணக்கிலேயே வராது.