கடலோர வீட்டின் மேல் கடன் வாங்கி மாடி கட்டலாமா?

கேள்வி: நான் அரசுப் பள்ளி ஆசிரியை; வயது 52. புதுச்சேரிக்கு வடக்கே பொம்மையார்பாளையம் பக்கத்தில், அப்பா எனக்கு எழுதி வைத்த 1,000 சதுர அடி தளம் போட்ட வீடு ஒன்று இருக்கிறது. முன்பு வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே தென்னந்தோப்பும் வலை காயப்போடும் மணல்வெளியும் இருந்தன. இப்போது அலை 150 மீட்டருக்குள் வந்துவிட்டது. கையில் 20 லட்சம் ரூபாய் வைப்பு நிதி உள்ளது. மேலும் 25 லட்சம் கடன் வாங்கி மாடி கட்டி, சுற்றுலாப் பயணிகளுக்கு விடலாம் என்கிறார் கணவர். இதற்கிடையே, பக்கத்து மனைக்காரர்கள் கரையில் கருங்கல் கொட்ட ஆளுக்கு ஒரு லட்சம் கேட்கிறார்கள். காப்பீடு எடுத்துக்கொண்டால் போதாதா? அல்லது விற்றுவிடுவதே நல்லதா?

பதில்: மாடி கட்டுவதற்காகக் கடன் வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அந்த வீட்டைக் கைவிடச் சொல்கிறேன் என்று இதற்குப் பொருள் இல்லை. கட்டடம் சேதமானால் திரும்பக் கட்டலாம், அதற்குக் காப்பீடும் உண்டு. ஆனால் கடல் எடுத்துக்கொண்ட மண்ணுக்கு எந்த நிறுவனமும் பணம் தருவதில்லை. உங்கள் ஓய்வுக்காலச் சேமிப்பு முழுவதையும் அந்த மண்ணின் மேல் அடுக்குவதுதான் ஆபத்து.

வட்டிக் கணக்குக்கு முன்னால் சட்டத்தைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் உங்கள் திட்டம் அங்கேயே நின்றுவிட வாய்ப்பிருக்கிறது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 2011, ஊரகக் கடற்கரையில் உயர் ஓதக் கோட்டிலிருந்து (பெரிய ஓதத்தின்போது கடல்நீர் நிலத்தில் ஏறி எட்டும் எல்லை) 200 மீட்டர் வரை புதிய கட்டுமானத்தைத் தடுக்கிறது. 2019-ஆம் ஆண்டின் அறிவிக்கை, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகப் பகுதிகளில் அதை 50 மீட்டராகக் குறைத்தது. ஆனால் அதற்கேற்பத் திருத்திய கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடம் ஒப்புதல் பெற்ற பிறகே அந்தச் சலுகை ஓர் இடத்துக்குப் பொருந்தும். தடைப் பகுதிக்குள் வரும் வீடு முறையான அனுமதியுடன் கட்டப்பட்டதாக இருந்தால், இருக்கும் அடித்தளப் பரப்பையும் தளப்பரப்புக் குறியீட்டையும் (மனைப் பரப்போடு ஒப்பிட்டால் எல்லாத் தளங்களின் மொத்தப் பரப்பு எவ்வளவு என்ற விகிதம்) மீறாமல் பழுது பார்க்கவோ மறுபடி கட்டவோ முடியும்; புதிய மாடி என்பது அந்த வரம்பைத் தாண்டிவிடும். உள்ளூர் மக்கள் இருக்கும் வீட்டையே, அதன் அடித்தளப் பரப்பையும் முகப்பையும் மாற்றாமல், பயணிகள் தங்க விடுவதற்கு 2019 அறிவிக்கை இடம் தருகிறது. ஆகவே, கீழ்த்தளத்தில் ஓர் அறையை ஒதுக்கி விடுவது கணவரின் ஆசைக்கும் சட்டத்துக்கும் ஒத்துவரக்கூடிய வழி. தூரத்தை அலை வந்து தொடும் இடத்திலிருந்து அளக்கக் கூடாது. உயர் ஓதக் கோடு அதைவிட உள்ளே, வீட்டுக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும்.

கடன் கணக்கு சுருக்கமானது. 25 லட்சத்தை 9 சதவீத வட்டியில் 15 ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 25,350 ரூபாய். மொத்தம் திருப்பிச் செலுத்துவது 45 லட்சத்தைத் தாண்டும். நீங்கள் 60 வயதில் ஓய்வு பெற்ற பிறகும் ஏழு ஆண்டுகள் தவணை ஓடும். கரை அரிபட்டு வீடே போனாலும் வங்கிக்குத் தர வேண்டிய கடன் போகாது.

காப்பீடு அவசியம் எடுங்கள். ஆனால் அது எதைக் காக்கிறது என்று தெரிந்து எடுங்கள். 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் அனைத்தும் வழங்கும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற பொதுவடிவப் பாலிசி புயல், வெள்ளம், சுனாமி ஆகியவற்றால் வரும் சேதத்தை ஏற்கிறது. அதே ஆவணத்தில் நிலம் தாழ்தல், நிலச்சரிவு ஆகியவற்றுக்கான பிரிவைப் படித்தால், கடலரிப்பாலும் ஆற்றரிப்பாலும் ஏற்படும் இழப்பு விலக்கப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். புயலில் தண்ணீர் புகுந்து சுவர் இடிந்தால் இழப்பீடு கேட்கலாம். ஆண்டுக்கு ஆண்டு மணல் அரித்து அடித்தளம் வெளியே தெரிந்து சுவர் சாய்ந்தால், அந்த விலக்கையே நிறுவனம் காட்டும். காப்பீட்டுத் தொகை மனையின் சந்தை விலையைச் சார்ந்ததும் அல்ல, திரும்பக் கட்டும் செலவைச் சார்ந்தது: சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்று வைத்தால் உங்கள் வீட்டுக்கு 22 லட்சம். வீட்டுப் பொருள்களுக்கு அதில் 20 சதவீதம், 10 லட்சம் உச்சவரம்புக்கு உட்பட்டு, தானாகவே சேரும். பிரீமியம் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும் என்பதால், பருவமழை தொடங்கும் முன்பே எடுத்துவிடுங்கள். வீட்டின் ஒவ்வொரு அறையையும் தேதியுடன் படம் எடுத்து வையுங்கள்.

கருங்கல்லுக்கான ஒரு லட்சத்தைக் கொடுக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நம் கிழக்குக் கரையில் ஓராண்டில் அலைகள் தெற்கிலிருந்து வடக்கே கொண்டுபோகும் மணல், எதிர்த்திசையில் போவதைவிட மிக அதிகம். 1980-களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத்தடுப்புகள் அந்த மணலைத் தெற்கே தேக்கின. வடக்கில் நகரக் கடற்கரை மணலை இழந்தது, அங்கே கல் கொட்டியதும் அரிப்பு மேலும் வடக்கே உங்கள் பக்கத்துக் குப்பங்களை நோக்கி நகர்ந்தது. உங்கள் தென்னந்தோப்பு போன கதையின் தொடக்கம் இதில்தான் இருக்கிறது. சென்னைத் துறைமுகத்தின் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றதும் இதே காரணத்தால்தான். நீங்கள் பத்துப் பேர் சேர்ந்து கொட்டும் கல், உங்களுக்குச் சில ஆண்டுகள் அவகாசம் தரலாம்; அடுத்த குப்பத்தில் படகு ஏற்றும் இடத்தை அது பறித்துவிடும். முறையான ஆய்வும் அனுமதியும் இல்லாமல் கொட்டினால் சட்டச் சிக்கலும் வரும். மாறாக, புதுச்சேரியில் 2018-ஐ ஒட்டித் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் கடலுக்குள் அமைத்த செயற்கைத் திட்டு மணலை மீண்டும் சேர வைத்தது. அது தனியார் பணத்தில் ஆகிற காரியம் அல்ல. அரசு ஒரு கடற்கரை நீளத்தை மொத்தமாகப் பார்த்துச் செய்ய வேண்டியது. உங்கள் ஊர் மீனவப் பஞ்சாயத்துடன் சேர்ந்து, அக்டோபர் 2 கிராம சபையில் கடலரிப்புக்கு எதிரான தீர்மானம் நிறைவேற்றச் செய்யுங்கள். தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) வேண்டும் என்று மட்டும் கேட்காமல், மணல் போக்கைப் பற்றிய ஆய்வையும் வடக்கே இருக்கும் ஊர்களையும் சேர்த்துக் கேளுங்கள்.

வைப்பு நிதியில் மூன்று லட்சத்துக்கு மேல் வீட்டில் போட வேண்டாம். சன்ஷேடின் அடியில் காரை உதிர்ந்து துருக்கறை தெரிந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து ஊதினால் தளமே பெயரும். மாற்றிப் போடும் கான்கிரீட் எம்-30 தரத்துக்குக் குறையாமலும், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடாக்கு இருக்கும்படியும் கொத்தனாரிடம் எழுதிக் கொடுங்கள். மின் மீட்டரை உயர்த்துங்கள். மீதிப் பணம் கடலோரச் சொத்துடன் தொடர்பே இல்லாத இடத்தில், வங்கியிலும் அரசின் சேமிப்புத் திட்டங்களிலும் இருக்கட்டும்.

விற்பது பற்றி: இன்று அவசரம் இல்லை, ஆனால் ஓய்வு பெறும்வரை தள்ளிப்போடவும் வேண்டாம். ஆண்டுக்கொரு முறை, ஒரே மாதத்தில், வீட்டு வாசலிலிருந்து மணல்மேட்டு விளிம்புவரை அளந்து குறித்து வையுங்கள். இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கரை பின்வாங்கினால் விற்பனையைத் தொடங்கலாம். லாபத்துக்கு 12.5 சதவீத வரி. 2024 ஜூலை 23-க்கு முன் கைக்கு வந்த சொத்து என்றால், அடக்க விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிட்டு 20 சதவீதம் கட்டும் முறையையும் ஒப்பிட்டுக் குறைவானதைத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டு ஆண்டுக்குள் வேறு வீடு வாங்கினால் லாபத்தில் அதற்குச் செலவிட்ட அளவுக்கு வரிவிலக்கு உண்டு. வாங்குபவரிடம் கடலரிப்பை மறைக்காதீர்கள். சாதாரணக் கவனத்தில் தெரியாத குறையைச் சொல்ல வேண்டிய கடமையைச் சொத்து மாற்றுச் சட்டம் விற்பவர் மேல் வைத்திருக்கிறது. பட்டா, வில்லங்கச் சான்றிதழ், கட்டட அனுமதி ஆகியவற்றுடன் உங்கள் சர்வே எண் கடலோர மேலாண்மை வரைபடத்தில் எங்கே விழுகிறது என்பதையும் இப்போதே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். மாடி கட்டும் பேச்சு வீட்டில் மறுபடி எழுந்தால், கணவரிடம் முதலில் அந்தத் தாளைக் காட்டுங்கள்.